விற்றவரைத் தொடர்புகொள்ளவும்

பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா மெயின் சுவிட்சை அணைப்பாள். அதன் பிறகு அப்பாவின் லேத் இயந்திரத்துக்குத் தான் யார் என்பது மறந்துவிடும்.

இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு வாரமாக அதன் திரை மூலையில் பேட்டரி எச்சரிக்கை மினுங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மின்சாரம் நின்றால், உள்ளே இருக்கும் சிறிய பேட்டரிதான் இயந்திரத்தின் நினைவைக் காப்பாற்ற வேண்டும். அது செத்துக்கொண்டிருந்தது. புது பேட்டரி ஜப்பானிலிருந்து வர வேண்டும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகுதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரும்பைக் கடையும் முப்பது வருடத்து இயந்திரம். எந்த அச்சு எவ்வளவு தூரம் நகரலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் தொள்ளாயிரம் எண்கள் அதற்குள் இருந்தன. அப்பா இருபது வருடமாக எழுதிச் சேர்த்த நூற்று நாற்பது வேலைகளின் கட்டளைகளும் இருந்தன. பெரும்பாலும் சைக்கிள் பெடல் அச்சுகள். இவை அழிந்தால் மூன்று டன் இரும்பு மிஞ்சும். பழைய இரும்புக்காரர் ஏற்கெனவே ஒரு முறை தேநீர் குடிக்க வந்து, இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

எண்களின் பட்டியல் ஒன்று காகிதத்தில் இருந்தது. மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அதை எண்ணெய் முழுவதுமாகக் குடித்துவிட்டது. திரையைப் படம் எடுக்கலாம் என்றால், திரையின் கீழ்ப் பாதி நான்கு வருடமாக இருட்டு. அந்தப் பாதியை அப்பா மனப்பாடமாக ஓட்டிவந்தார். எந்தெந்த எண் என்று கேட்டால் கைக்குத்தான் தெரியும் என்பார்.

“விடுமுறை முழுக்க ஓடாம, சும்மா மின்சாரம் மட்டும் இருக்கட்டுமே,” என்று அப்பா காலையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“பின்னாடி பட்டறைக்காரனும் இதைத்தான் சொன்னான்,” என்றாள் அம்மா.

பின்னாடி பட்டறை இரண்டு வருடத்துக்கு முன் புத்தாண்டு விடுமுறையில் எரிந்துபோனது. அதன் பிறகு இந்த வீட்டில் அந்த விஷயத்தில் மறுபேச்சு கிடையாது. கடைசி வேலைநாள் அன்று மூன்று மணிவரை நல்ல நேரம் என்று பஞ்சாங்கம் சொன்னது. மூன்று மணிக்கு மின்சாரம் நிற்கும். ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் சிவப்புக் காகிதம் ஒட்டப்படும். மனிதர்களோடு இயந்திரங்களும் ஓய்வெடுக்கும்.

நான் வேலை பார்க்கும் சின்ச்சு நகரிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். பையைக் கீழே வைக்கும் முன்பே அப்பா, “ஆ-சுன், லேப்டாப் கொண்டுவந்திருக்கியா?” என்றார்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சீரியல் போர்ட் இருந்தது. அதில் வயரைச் செருகி, மறுமுனையைக் கணினியில் செருகினால், எண்களையெல்லாம் வெளியே அனுப்பும். அப்பா முன்பு அப்படித்தான் செய்வார். அந்தக் கணினி போன ஆவணி மாதப் புயலில் தண்ணீருக்குள் இரண்டு நாள் நின்றது. வயர் மட்டும் பிழைத்தது. வேகம் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் சுவரில் தடித்த பேனாவால் எழுதியிருந்தது. அதுவும் பிழைத்தது.

அப்பா வயரின் முனையை எடுத்துக்கொண்டு என் லேப்டாப்பை நான்கு பக்கமும் திருப்பினார்.

“எங்க செருகுறது?”

“இதுல அது கிடையாதுப்பா.”

“கிடையாதுன்னா?”

“இப்போ வர்றதுல வைக்கிறதில்ல.”

“எதுக்கு?”

“மெலிசா இருக்கணும்னு.”

அப்பா லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அந்த வருடம் மெலிந்திருந்தேன்.

“இரு,” என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அதற்குள் நீல நிற அடாப்டர் வயர். ஒரு முனை யு.எஸ்.பி., மறுமுனை ஒன்பது ஊசி. எட்டு வருடத்துக்கு முன், கல்லூரியில் படித்தபோது, நானே தைச்சுங் நகரக் கடைவீதியில் வாங்கி அவருக்குக் கொடுத்தது. பை பிரிக்கப்படவே இல்லை. “ஒரு நாள் ஆகும்னு வச்சிருந்தேன்,” என்றார்.

பிரித்துச் செருகினேன். லேப்டாப் கொஞ்சம் யோசித்தது. இணையத்திலிருந்து டிரைவர் மென்பொருளைத் தானே இறக்கிக்கொண்டது. பிறகு ஒரு சாம்பல் பெட்டி திரையில் வந்தது.

‘இது எங்கள் தயாரிப்பு அல்ல. விற்றவரைத் தொடர்புகொள்ளவும்.’

அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் என் காதுகள் சூடாயின.

அதை எழுதியது நான்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் சிப்பைச் செய்கிறது. நாங்கள் செய்வதைவிட எங்கள் பெயரில் மற்றவர்கள் செய்வது அதிகம். போலிகளுக்கு எங்கள் மென்பொருள் உழைக்கக் கூடாது என்று மேலிடம் முடிவு செய்தது. போலியைக் கண்டுபிடிக்கும் பகுதியை எழுத ஒருவர், அப்போது காட்டும் வாக்கியத்தை எழுத நான். மூன்று கூட்டங்கள் நடந்தன. ஆறு பேர் கலந்துகொண்டார்கள். அம்மா ஊராரிடம் நான் சிப் கம்பெனியில் இருப்பதாக மட்டும் சொல்வாள். அவர்கள் நாட்டிலேயே பெரிய அந்தச் சிப் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்துவதில்லை.

“என்ன சொல்லுது?” என்றார் அப்பா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தானே படித்தார். “விற்றவரையா? சரி.”

அவர் பிளாஸ்டிக் பையைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த கடை எண்ணுக்குப் போன் செய்தார். நான் தடுத்திருக்கலாம். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு யாராவது உண்மையிலேயே விற்றவருக்குப் போன் செய்வார்கள் என்று மூன்று கூட்டங்களிலும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

“யாருங்க?”

“ஷென்காங்ல இருந்து லியாவ். உங்க கடையில வாங்கின வயர் ஒண்ணு, உங்களைத் தொடர்புகொள்ளச் சொல்லி எழுதிக் காட்டுது.”

“எந்த வருஷம் வாங்கினது?”

“எட்டு வருஷம் ஆச்சு.”

“அண்ணே, நான் ஆறு வருஷமா இங்க வெங்காயத்தாள் அப்பம் போடுறேன்.” பின்னால் எண்ணெய் சுறுசுறுவென்று சத்தம் போட்டது. “முட்டை வச்சது வேணுமா, வெறுமனவா?”

“அப்போ வயரைப் பத்தி யாரைக் கேக்குறது?”

“அதை எழுதினவனைக் கேளுங்க. புத்தாண்டு வாழ்த்துகள்.”

அப்பா போனை வைத்தார். சாம்பல் பெட்டியை இன்னொரு முறை படித்தார். பிறகு நிதானமாக, உரக்க, எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் சாபத்தைச் சொன்னார்.

“இதை எழுதினவனுக்குப் பிறக்கிற பிள்ளை பின்பக்கம் ஓட்டையே இல்லாமப் பிறக்கட்டும்.”

அம்மா சிவப்புக் காகிதங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், “அந்தச் சாபம் ஏற்கெனவே உங்க பொண்ணு லேப்டாப்புல பலிச்சிருச்சு,” என்றாள்.

மணி ஒன்று ஐந்து.

எனக்கு வழி தெரியும். பழைய டிரைவர் அசலையும் போலியையும் பார்க்காது. யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தன் வலைப்பக்கத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைத் தேடினேன். பக்கம் நீக்கப்பட்டிருந்தது. நீக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு முன் கடிதம் அனுப்பியது எங்கள் பிரிவு. எழுத்துப் பிழை பார்த்தது நான்.

நகருக்குப் போய்ப் புது அடாப்டர் வாங்கலாம். புத்தாண்டு நெரிசலில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் பையின் அடியில் இன்னொன்று கிடந்தது. உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சி.டி. அதில் அந்தக் காலத்து டிரைவர் இருக்கும். சி.டி.யைப் பிடித்துக்கொண்டு அப்பா மறுபடியும் என் லேப்டாப்பை நான்கு பக்கமும் திருப்பினார்.

“இதுக்கும் இடம் கிடையாதா?”

“கிடையாதுப்பா.”

“அப்போ இதுல என்னதான் இருக்கு?”

“கோயில்ல சியு அண்ணன் சி.டி. போட்டுத்தானே மந்திரம் ஓடவிடுறார்?” என்றாள் அம்மா. “அங்க போய்ப் பாருங்க. மூணு மணிக்குள்ள வந்துடணும்.”

கடலம்மன் கோயில் எங்கள் வீட்டுக்கு முன் தெருவில். அலுவலகத்தில் கோயில் கணக்கைப் பார்க்கும் சியு மாமா விளக்குச் சீட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார். புத்தாண்டுக்கு விளக்கு ஏற்றச் சொல்லிப் பணம் கட்டியவர்களின் பெயர்கள், அறுநூற்றுச் சொச்சம். கணினி மேசைமேல் பழுப்பேறிய பெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம். இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க இங்கே எல்லோரும் வைப்பதுதான். முன்பக்கத்தில் சி.டி. தட்டு இருந்தது.

நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். சியு மாமா குட்டி சி.டி.யை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“போன வருஷம் ஒருத்தன் படம் பிரிண்ட் எடுக்கணும்னு எதையோ செருகினான். வைரஸ் வந்து இருநூறு பேர் பெயரைத் தின்னுடுச்சு. அந்த இருநூறு பேரும் என்னைத் தின்னாங்க.”

“இதுல வைரஸ் இல்லை மாமா. கம்பெனி சி.டி.”

“எந்தக் கம்பெனி?”

நான் மேசைமேல் இருந்த விளக்குச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“கணினி என்னோடதா இருந்தா குடுத்துடுவேன்,” என்றார். “இது அம்மன் சொத்து. ரசீதுலயே அப்படித்தான் இருக்கு. கேட்டுட்டு வா.”

சன்னதியில் பிறைக்கட்டைகள் இருந்தன. சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரத்துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தரையில் போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழ வேண்டும். அது சம்மதம். இரண்டும் உருண்டை மேலே தெரிய விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டை மேலே தெரிந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பெயர், பிறகு பிறந்த நாள், பிறகு வீட்டு முகவரி, பிறகு கேள்வி, பிறகு காத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் பதிலுக்கு மதிப்பில்லை. சீரியல் வயரும் இப்படித்தான் பேசும். அப்பாவுக்கு மண்டியிட முழங்கால் வராது. எனவே நான் மண்டியிட்டேன்.

மனத்துக்குள் சொல்லிக் கட்டைகளைப் போட்டேன். இரண்டும் தட்டை.

“சிரிக்கிறா,” என்றார் சியு மாமா. “மறுபடி போடு.”

இரண்டும் தட்டை.

அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி விழப் பதினாறில் ஒரு வாய்ப்பு. நடக்கக்கூடியதுதான்.

“நீ எதையோ விட்டுட்ட,” என்றார் சியு மாமா. “முழுசும் சொல்லணும். வாய் விட்டுச் சொல்லு. மனசுக்குள்ள முணுமுணுத்தா இந்தப் பட்டாசுச் சத்தத்துல அவளுக்கு எப்படிக் கேக்கும்?”

அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்று ஐம்பது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் லியாவ் பெய்-சுன். பிறந்தது மூணாம் மாசம் ஒன்பதாம் தேதி. ஷென்காங், கோயில் பின் தெரு, எண் பதினெட்டு. அப்பாவோட லேத்துல இருக்கிற எண்களை மூணு மணிக்குள்ள எடுக்கணும். எடுக்க விடாம ஒரு வாக்கியம் தடுக்குது. அந்த வாக்கியத்தை எழுதினது நான்தான்.”

கட்டைகளைப் போட்டேன். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

“இதைத்தான் விட்டிருக்க,” என்றார் சியு மாமா. பிறகு, “சிப் கம்பெனியில நீ சிப் செய்யலையா? வாக்கியமா செய்யுற?” என்றார்.

“ஆமா மாமா.”

நான் அப்பா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சி.டி. தட்டு முனகிக்கொண்டு வெளியே வந்தது, முனகிக்கொண்டு உள்ளே போனது. பெட்டிக்குள் அது சுற்றும் சத்தம் அரிசி ஆலை போலக் கேட்டது. டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்து, அங்கேயே என் லேப்டாப்பில் போட்டேன். லேப்டாப் மறுத்துவிட்டது. அது எழுதப்பட்ட காலத்துக்கும் என் லேப்டாப்புக்கும் நடுவில் மூன்று தலைமுறை மென்பொருள்கள் வந்து போயிருந்தன. இந்த முறை வந்த வாக்கியம் வேறொரு நிறுவனத்துடையது. அதில் ‘மன்னிக்கவும்’ என்று இருந்தது.

மணி இரண்டு பத்து. எனக்குத் தெரிந்த வழிகள் அத்தனையும் முடிந்துவிட்டன. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்பதற்காக, வந்த வாக்கியத்தின் எழுத்துகளை எண்ணினேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன். மேசையைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்றார். அங்கே கணினியின் முதுகு இருந்தது.

“ஆ-சுன்.”

“ம்.”

“இதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கே. இது என்ன?”

எழுந்து போய்ப் பார்த்தேன். தூசியும் ஒட்டடையும் மூடியிருந்தன. அப்பா விரலால் துடைத்திருந்த இடத்தில் ஒன்பது ஊசிகள் தெரிந்தன. மேலே ஐந்து, கீழே நான்கு. இருபுறமும் திருகாணிக்கு இடம்.

சீரியல் போர்ட். இந்தக் கணினிக்கு அடாப்டர் வேண்டாம், டிரைவர் வேண்டாம், என் நிறுவனம் வேண்டாம். சி.டி. தட்டு வைக்கிற காலத்துப் பெட்டியில் இதுவும் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இருபது நிமிடமாக முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது ஓட்டையோட பிறந்தது,” என்றார் அப்பா.

சியு மாமா எழுந்து நின்றுவிட்டார். “தூக்கிட்டுப் போறதா? சி.டி. போடத்தான் அம்மன்கிட்ட கேட்டீங்க. வெளிய போறதுன்னா தொடர்ந்து மூணு தடவை சம்மதம் வரணும். நாலு மணிக்கு நான் சீட்டு அடிக்கணும்.”

தொடர்ந்து மூன்று முறை வர எட்டில் ஒரு வாய்ப்பு. மண்டியிட்டேன். இந்த முறை எதையும் விடாமல், போர்ட்டின் ஊசிகளின் எண்ணிக்கை உட்பட, வாய் விட்டுச் சொன்னேன். சம்மதம். சம்மதம். மூன்றாவது முறை ஒரு கட்டை நிமிர்ந்து சுழன்று, யோசித்து, சாய்ந்தது. சம்மதம்.

“அவளுக்கும் உங்க லேத்தைப் பாக்கணும்போல,” என்றார் சியு மாமா.

கணினி எங்கள் நீலச் சரக்கு வண்டியின் முன் இருக்கையில், எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்தது. பெல்ட் அதற்குத்தான் போட்டோம். பச்சைப் பொட்டலத்தை எடுக்க சியு மாமா விடவில்லை. அவர் திரையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

பட்டறைக்குள் நுழைந்தபோது இரண்டு முப்பத்தெட்டு. அம்மா எல்லா இயந்திரங்களுக்கும் சிவப்புக் காகிதம் ஒட்டி முடித்திருந்தாள். லேத் மட்டும் மீதி. வயரைச் செருகினேன். சுவரில் இருந்த வேகத்தை வைத்தேன். அப்பா இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார்.

எண்கள் வந்தன.

கறுப்புத் திரையில் வெள்ளையாக, வரிசை வரிசையாக, கீழிருந்து மேலே ஏறின. எல்லாம் வந்து முடிய நான்கு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிட்டன. சியு மாமா நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மேசையில் சாய்ந்திருந்தார். வயர் பாதி வெளியே தொங்கியது.

“திருகாணி எதுக்கு இருக்கு?” என்றார் அப்பா. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நான்தான் முறுக்காமல் விட்டிருந்தேன். இரண்டையும் முறுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு ஐம்பத்துநான்கு.

அம்மா மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அம்மா, கொஞ்சம்...”

“மூணு மணின்னா மூணு மணி.”

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு எண்கள் நின்றன. கடைசி வரியில் முடிவைக் குறிக்கும் குறி இருந்தது. கணினியில் சேமித்தேன், பென் டிரைவிலும் சேமித்தேன். சியு மாமாவின் கணினியை முறைப்படி அணைத்தேன். மூன்று மணிக்கு அம்மா சுவிட்சை இறக்கினாள். லேத்தின் திரை சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது. அம்மா அதன் நெற்றியில் சிவப்புக் காகிதத்தை ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை தடவினாள்.

மறுநாள் புத்தாண்டுக்கு முந்தின இரவு விருந்து. மீன் முழுதாக மேசைக்கு வந்தது. அப்பா கோயிலிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

“அந்த வாக்கியம்,” என்றார் இப்போது. “எத்தனை பேர் சேர்ந்து எழுதினீங்க?”

“ஆறு பேர்.”

“ஆறு பேர்.” ஒரு துண்டு முள்ளங்கியை மென்றார். “ஒரு ‘தயவுசெய்து’ போடணும்னு ஆறு பேர்ல ஒருத்தருக்கும் தோணலையா?”

“எனக்குத் தோணிச்சு. வெட்டிட்டாங்க.”

அப்பா தலையாட்டினார். மீனின் கன்னத்துச் சதையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அது வழக்கமாக அவருடையது.

புத்தாண்டின் ஐந்தாம் நாள் பட்டறை திறக்கும் நாள். பேட்டரி காலையிலேயே வந்துவிட்டது; அப்பா அதை மாட்டினார். அம்மா சுவிட்சை ஏற்றினாள். லேத் விழித்தது. எல்லா இடத்திலும் சைபர். அதற்கு அப்பாவையும் தெரியவில்லை, பெடல் அச்சையும் தெரியவில்லை. எண்களைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் அந்தக் கணினி வேண்டும். நகரில் கடை திறந்திருக்கும், புது அடாப்டர் வாங்கி வருகிறேன் என்றேன். “தெரிஞ்ச கணினி இருக்கும்போது எதுக்கு?” என்றார் அப்பா.

கோயிலில் அன்று அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் சொன்னார். கட்டைகளைப் போட்டார். இரண்டும் தட்டை.

“சிரிக்கிறா,” என்றார் சியு மாமா. “எதை விட்ட?”

அப்பா தரையைப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்ப்பேன் என்று அம்மா சொல்வாள்.

“தாயே, அன்னைக்கு அதை எழுதினவனைச் சபிச்சேன்,” என்று வாய் விட்டுச் சொன்னார். “திட்டினது இருக்கட்டும். அந்த வாக்கியத்துக்கு அது தகும். பிள்ளையைப் பத்திச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“முழுசும் வாங்கிக்கலாமே,” என்றார் சியு மாமா.

“அது மட்டும்தான்.”

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. அப்படி மூன்று முறை.

பத்தரை மணிக்குள் எண்கள் எல்லாம் லேத்துக்குள் திரும்பிவிட்டன. திரையின் மேல் பாதி நிறைந்தது. கீழ்ப் பாதி வழக்கம்போல இருட்டாக இருந்தது. அங்கேயும் எல்லாம் வந்திருக்கும் என்றார் அப்பா. முதல் இரும்புத் தண்டைப் பொருத்தினார். கை தானாகப் பொத்தானுக்குப் போனது.